பதினோராவது விருப்பம்

பெற்றோர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. ஒரு பொறியியல் கல்லூரி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்கும் இருக்காது. திருச்சியில் எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு கோடையிலும் கலந்தாய்வு உதவி மையம் போடுவார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதும், கல்லூரிகளை ஆன்லைனில் தேர்ந்தெடுக்கத் தடுமாறுகிறவர்களுக்கு வழி சொல்வதும் எங்கள் வேலை. சூப்பிரண்டெண்ட் என்பதால் முதல் மேஜை எனக்கு. பெயர் வேதவதி. வாய் கொஞ்சம் நீளம் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், அதில் தப்பொன்றும் இல்லை.

அசல் சான்றிதழை லேமினேட் செய்துகொண்டு வருகிற அப்பா, பெண்ணின் பாஸ்வேர்டைத் தான் மறந்துவிட்டுப் பெண்ணையே திட்டுகிற அம்மா, "பையன் பேசட்டுமே" என்றால் "அவனுக்கு ஒண்ணும் தெரியாது மேடம்" என்று அவன் எதிரிலேயே சொல்கிறவர், இப்படி எல்லாரையும் பார்த்தாயிற்று. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் மதிப்பெண் பட்டியலோடு பையனின் ஜாதகத்தையும் சேர்த்து நீட்டினார். எதைச் சரிபார்க்கச் சொல்கிறீர் ஸ்வாமி என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு, ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நான் மட்டும் என்ன ஒழுங்கு? என் பையன் ஸ்ரீவத்ஸுக்கு மூன்று வருடத்துக்கு முன் முப்பத்திரண்டு கல்லூரிகளைப் பட்டியல் போட்டேன். முப்பத்திரண்டிலும் கம்ப்யூட்டர். அவனைக் கேட்டுக்கொண்டா போட்டாய் என்று யாரும் கேட்டுவிடாதீர்கள்.

அந்த அபிப்பிராயத்தை ஆட்டிப் பார்த்தவள் முசிறியிலிருந்து வந்த மலர்க்கொடி.

ஜூன் மாதத்தில் ஒரு நாள், டோக்கன் எண் நாற்பத்தேழு. நாற்பது வயதிருக்கும், கட்டம்போட்ட நூல் புடவை, விரல் நுனியெல்லாம் வாழைக் கறை. வாழைக் கறை எந்த சோப்புக்கும் போகாது. பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண், அறிவுமதி. நான் கேட்பதற்கு முன்பே கேட்கிற வரிசையிலேயே சான்றிதழ்கள் மேஜைக்கு வந்தன. எதிலும் இனிஷியல் மாறவில்லை, பிறந்த தேதி மாறவில்லை. முசிறி அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்ததற்கான சான்று, மூன்று நகல்களோடு. அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் வருகிற பிள்ளைகளுக்குக் கட்டணத்தை அரசாங்கமே கட்டிவிடும், ஆனால் அந்தச் சான்று இல்லாமல் அழுதுகொண்டு திரும்புகிறவர்கள் தினமும் இரண்டு பேராவது உண்டு.

"யார் எடுத்து வச்சது?" என்றேன்.

"நான்தாங்க. போன வருஷமே ஸ்கூல்ல போயி என்னென்ன வேணும்னு கேட்டுட்டு வந்துட்டேன்."

மதிப்பெண்ணைப் பார்த்தேன். இயற்பியலில் தொண்ணூற்று மூன்று. "எந்த டியூஷன்?"

"டியூஷன் இல்லைங்க மேடம். நான்தான் பாடம் கேப்பேன்."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"ஏழாவது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொள்ளத் தெரியாத சிரிப்பு. ஏழாவது படித்தவள் பிளஸ் டூ இயற்பியலைக் கேட்டாளாம்! அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பெண்ணின் பக்கம் திரும்பி, "அறிவு, மேடம்கிட்ட ஒரு பாடம் சொல்லு" என்றாள்.

பெண் வெட்கப்பட்டுக்கொண்டே மின்மாற்றி எப்படி இயங்குகிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். மலர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். நாலு வாக்கியம் போயிருக்கும். "இங்க இழுக்குது" என்றாள். எனக்கு ஒன்றும் இழுத்ததாகத் தெரியவில்லை. நான் பி.காம். பக்கத்து மேஜையில் இருந்த இயற்பியல் பேராசிரியை கமலினிதான் நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா மேடம், அந்த எடத்துலதான் ஒரு படியை விட்டுட்டா" என்றாள்.

அன்றைக்குக் கூட்டம் அதிகம். இருந்தாலும் விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மலர்க்கொடியின் கணவர் வாழைத்தார் வியாபாரி. முசிறி மண்டியில் தார்களை ஏலத்தில் எடுத்துத் திருச்சிக்கு அனுப்புவார். அவர் இறந்து எட்டு வருடம். அவர் நின்ற இடத்தில் இவள் போய் நின்றாள். முதல் வாரம் ஆம்பளைகள் சிரித்தார்களாம். இரண்டாவது மாதம் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் எதிராளி எந்த விலையோடு விட்டுவிடுவான் என்பது இவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

"மூஞ்சியப் பாக்கக் கூடாதுங்க, மூஞ்சி ஏமாத்தும். குரலைத்தான் கேக்கணும். மேல போறவன் வெட்டுன மாதிரி சொல்லுவான். நிறுத்தப்போறவனுக்குக் கடைசி எழுத்து இழுக்கும். பாடமும் அப்படித்தானே? தெரிஞ்சதைச் சொல்றப்ப இழுக்காது."

பிளஸ் ஒன் காலாண்டுத் தேர்வில் அறிவுமதி இயற்பியலில் தவறியபோது ஆரம்பித்த ஏற்பாடு இது. மாலையில் இவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மறுநாளைக்கு அனுப்ப வேண்டிய சீப்புகளைத் தரம் பிரிப்பாள். பெண் எதிரே நின்று பாடத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். இழுத்த இடமெல்லாம் தாருக்கு நம்பர் போடுகிற சாக்பீஸால் கதவில் ஒரு கோடு விழும். எத்தனை கோடோ அத்தனை இடத்தையும் படித்துவிட்டு வந்து திரும்பச் சொல்ல வேண்டும். முதல் நாள் கதவு முழுக்கக் கோடாம். பொதுத் தேர்வுக்கு முந்தின வாரம் வெறும் கதவு.

என்ன படிக்கிறாள் என்று தெரியாமலே ஒருத்தி தன் பெண்ணை இரண்டு வருடம் படிக்க வைத்திருக்கிறாள். நான் ஸ்ரீவத்ஸுக்கு மூன்று டியூஷன் வைத்துவிட்டு அவன் கதவைச் சாத்திக்கொண்டால் படிக்கிறான் என்று நம்பியிருந்தேன். எழுந்து அவளைச் சேவிக்கலாம் போல இருந்தது, டோக்கன் நாற்பத்தெட்டு நின்றுகொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

தரவரிசை வந்தது. பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய கல்லூரிகளைப் பட்டியல் போட்டார்கள். முதல் சுற்றின் தற்காலிக ஒதுக்கீடும் வந்தது. அதற்கு மறுநாள் மலர்க்கொடி பெண்ணோடு மறுபடி வந்தாள். திருச்சியிலேயே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் கிடைத்திருந்தது. முசிறியிலிருந்து கல்லூரி பஸ்ஸே வரும்.

"அடி சக்கை! இனிப்பு எங்க?" என்றேன்.

"மேடம், ஒரு சந்தேகங்க. மொதல்ல கேட்டதையே குடுத்துட்டாங்க. கடைசியில கேட்டிருந்தோமே, அதை எப்ப கூப்பிடுவாங்க?"

எனக்குப் புரியவில்லை. பட்டியலைத் திறந்து பார்த்தேன். பதினோரு விருப்பங்கள். முதல் ஆறும் திருச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும். பதினோராவது, கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி, ஆட்டோமொபைல் இன்ஜினியரிங்.

"இதுவா? இது என்ன, சும்மா போட்டதா?"

"இல்லைங்க, அதுதாங்க அவளுக்கு வேணும். சின்ன வயசுலேருந்தே வண்டின்னா உசுரு. நம்ம தார் ஏத்துற வண்டி நின்னுச்சுன்னா டிரைவருக்கு முன்னாடி இவதான் பானெட்டத் தூக்குவா."

"வேணும்னா ஏன் கடைசியில போட்டீங்க?"

மலர்க்கொடி குரலைத் தாழ்த்தி, எனக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்வதுபோலச் சொன்னாள். "ஏலத்துல நமக்கு வேண்டிய தாரை மொதல்ல கேக்கவே கூடாதுங்க. ஆசைப்படுறோம்னு தெரிஞ்சா வெலைய ஏத்திருவாங்க. வேண்டாததை நாலு கேட்டுட்டு, போனாப் போகுதுன்னு கடைசியில அதைக் கேக்கணும். எங்க வீட்டுக்காரரு சொல்லிக்குடுத்தது."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அடித்துக்கொண்டும்விட்டேன். பெருமாளே, இப்படியும் ஒரு புத்தியா! எனக்குக் கோபம் வந்தால் சத்தம் வந்துவிடும். "இது என்ன மண்டியா? இங்க உங்க ஆசையைப் பாத்து யாரும் வெலை ஏத்தமாட்டா. கம்ப்யூட்டரே பட்டியலை மேலேருந்து பாத்துண்டே வரும், முதல்ல எது கெடைக்கறதோ அதைக் குடுத்துட்டுக் கீழே இருக்கறதையெல்லாம் அழிச்சுடும். பதினோராவது போயாச்சு. போயே போயாச்சு!" ஹால் முழுக்க எங்களைப் பார்த்தது.

மலர்க்கொடியின் முகம் வெளுத்துவிட்டது. அறிவுமதி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். என் சத்தத்துக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

கமலினிதான் எழுந்து வந்து நிதானமாக விளக்கினாள். கிடைத்ததை ஏற்றுக்கொண்டு சேர்ந்துவிடலாம். அல்லது மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய், புதிதாகப் பட்டியல் போடலாம். ஆனால் மறுத்தால் இந்த இடம் போய்விடும். கோயம்புத்தூர் கல்லூரியில் அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் அந்தப் பாடத்துக்கு இரண்டே இடம். முதல் சுற்று முடிந்து அதில் ஏதாவது மிஞ்சுமா என்பது இப்போது யாருக்கும் தெரியாது. மிஞ்சாவிட்டால் இருந்ததும் இல்லை, நினைத்ததும் இல்லை. முடிவு சொல்ல மறுநாள் மாலை ஐந்து மணிவரை நேரம்.

"இதைப் பிடிச்சுக்கோங்க" என்றேன் நான். "திருச்சியிலேயே கம்ப்யூட்டர். ஊரே இதுக்காக அலையறது. வீட்டுச் சாப்பாடு, வீட்டுப் படுக்கை. கார் ரிப்பேர் படிக்கறதுக்கா இதை விடுவா?" கார் ரிப்பேர் என்று நான் சொன்னதும் அறிவுமதி ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் எனக்கு உறுத்தல்தான்.

மறுநாள் மூன்றரை மணிக்கு இருவரும் வந்தார்கள். மலர்க்கொடி மண்டியிலிருந்து நேரே வந்திருக்கிறாள், புடவையில் வாழைச் சருகு ஒட்டியிருந்தது. நான் கணினியில் அறிவுமதியின் பக்கத்தைத் திறந்து வைத்தேன்.

"என்ன முடிவு?"

"இதுவே போதும் மேடம். நான் இங்கயே படிக்கிறேன்" என்றாள் அறிவுமதி.

"இழுக்குது" என்றாள் மலர்க்கொடி.

"இல்லம்மா. கம்ப்யூட்டர்னா நல்ல வேலை கெடைக்கும். நெசமாத்தான் சொல்றேன்."

"இன்னும் இழுக்குது. இந்தா, என்னைப் பாரு. உனக்கு என்ன வேணும்?"

பெண் முனகினாள்.

"கேக்கல."

"ஆட்டோமொபைல்."

"அங்க நிக்கிறவங்களுக்குக் கேக்கல. நாந்தான் ஆசையை மறைச்சுக் கேக்கச் சொல்லிக்குடுத்தேன். அது தப்பு. இப்ப நல்லா வாயைத் திறந்து கேளு, உனக்கு என்ன வேணும்?"

"ஆட்டோமொபைல்மா!" என்று கத்தியேவிட்டாள் அந்தப் பெண். வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். கத்திய பிறகு அவளுக்கே அழுகை வந்தது. மலர்க்கொடி அவள் கையைப் பிடித்து மவுஸின் மேல் வைத்தாள்.

"மறுத்துரு. அடுத்த சுத்துல மொதல்ல இதைக் கேப்போம். கெடைக்கலைன்னா வேற யோசிப்போம். வேண்டாததை எடுத்து வச்சுக்கிட்டு நாலு வருஷம் இழுத்துக்கிட்டே கெடக்காத."

நான் இரண்டு தடவை தடுத்தேன். "கொழந்தை அழறது பாருங்கோ, அவசரப்படாதீங்கோ" என்றேன். மலர்க்கொடி பிடித்த கையை எடுக்கவில்லை. அறிவுமதி அமுத்தினாள். கைப்பேசியில் வந்த எண்ணைப் போட்டாள். திருச்சிக் கல்லூரி திரையிலிருந்து போய்விட்டது.

அதற்கப்புறம் பதினெட்டு நாள். எத்தனையோ பிள்ளைகள் வந்தார்கள், எவன் எங்கே சேர்ந்தான் என்று நான் கவலைப்பட்டதே கிடையாது. இந்தப் பெண்ணுக்காகத் தினமும் காலையில் பெருமாளுக்கு ஒரு விண்ணப்பம் போட்டேன். அதுவும் போதாமல், ஒரு சனிக்கிழமை ஸ்ரீவத்ஸின் பழைய முதலாம் ஆண்டுப் புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு முசிறிக்கு பஸ் ஏறினேன். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் கல்லூரியில் முதல் ஆறு மாதம் எவ்வளவு திணறும் என்று எனக்குத் தெரியும். எந்தக் கல்லூரியானாலும் அந்தப் புத்தகங்கள் உதவும் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு.

வாசலில் பூவன் சீப்புகள் பரப்பிக் கிடந்தன. எனக்கு டீ வந்தது, புத்தகம் உடனே பிரிக்கப்பட்டது. அறிவுமதி இங்கிலீஷில் வாசித்தாள். ஒரு வார்த்தைகூடத் தெரியாத மலர்க்கொடி சீப்புகளைத் தள்ளி வைத்துக்கொண்டே கதவில் கோடு போட்டாள். சரியாக அந்தப் பெண் அர்த்தம் தெரியாமல் தாண்டிப்போன இடங்களில் போட்டாள். நான் கூடவே புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு வந்ததால் சத்தியம் செய்வேன். மாலைக்குள் இருபத்தொன்பது கோடு.

"கெடைக்கலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கிளம்பும்போது கேட்டேன்.

"அடுத்த வருஷம் மறுபடி போடட்டும்னு சொல்லுவேன். இல்ல, கெடைச்ச எடத்துல சேக்குறேன். அதை விடுங்க மேடம், இந்தப் பொஸ்தகத்தை எப்பத் திருப்பித் தரணும்?" என்றாள். பேச்சு சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கென்று எடுத்து வைத்த சீப்பைக் கொடுக்க மறந்துவிட்டு, பஸ் கிளம்பும்போது ஓடி வந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

இரண்டாம் சுற்று வந்தது. ஆட்டோமொபைல், கோயம்புத்தூர், முதல் விருப்பம். மிஞ்சியிருந்தது ஒரே இடம். அந்த ஒன்று அறிவுமதிக்குக் கிடைத்தது. காலை பத்து மணிக்குத் திரையில் அதைப் பார்த்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் பிரின்சிபால் அறையிலிருந்து ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

சேருவதற்கு இரண்டு நாள் முன்பு, சான்றிதழ் நகல்களில் எங்கள் மையத்தின் முத்திரை வேண்டும் என்று இருவரும் வந்தார்கள். அசலைக் காட்டினாலே போதும், முத்திரை தேவையில்லை. என்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று புரிந்தது, நானும் பேசாமல் முத்திரை குத்திக் கொடுத்தேன். ஒரு நகல் குறைந்தது. அறிவுமதி அதை எடுக்க எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாள்.

"பெரிய ஆளுங்க நீங்க" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். "நான் சொன்னதைக் கேட்டிருந்தா அந்தக் கொழந்தை நாலு வருஷம் வேண்டாததைப் படிச்சிண்டிருக்கும். எனக்கு அந்தத் தைரியம் வராது."

மலர்க்கொடி ஜெராக்ஸ் கடைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"ஏல புத்தியில கடைசியில போட்டேன்னு சொன்னேன்ல மேடம். அது பொய் இல்லைங்க. ஆனா அது மட்டும் இல்ல. திருச்சி காலேஜை மேல வைக்கும்போது, இதுவே கெடைச்சுட்டா நல்லதுதானேன்னு உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு இருந்துச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவாள்ல. அவ அப்பா போனதுலேருந்து நாங்க ரெண்டு பேருதான்."

"அது இயற்கைதானே" என்றேன்.

"அவளுக்கு அது தெரிஞ்சிருக்குங்க." புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். "நேத்து அவ பெட்டிய அடுக்குறேன், ஸ்கூல் நோட்டு ஒண்ணு இருந்துச்சு. கவுன்சலிங் பத்தி வாத்தியாரு சொன்னதை எழுதி வச்சிருக்கா. 'மிகவும் பிடித்ததை முதலில் போட வேண்டும்'னு கொட்டை எழுத்துல எழுதி அடியில கோடு போட்டிருக்கா. தமிழ்தானே மேடம், எனக்குப் படிக்கத் தெரியும்ல. கடைசியில போட்டா கெடைக்காதுன்னு அவளுக்கு அன்னைக்கே தெரியும். நான் சொன்னேன்னு, தெரிஞ்சேதான் பதினொண்ணுல போட்டிருக்கா."

அன்றைக்கு நான் கத்தியபோது அந்தப் பெண் ஏன் தலை குனிந்து நின்றாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அவகிட்டக் கேட்டீங்களா?"

"கேக்கல. கேக்கவும் மாட்டேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அம்மாவை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு உக்காந்துருவா. போகட்டும் மேடம். நல்லாப் போகட்டும்."

சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. அறிவுமதி படியேறி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. மலர்க்கொடி அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் பார்க்காமலே கேட்டாள்.

"எத்தனை காப்பி எடுத்த?"

"ஒண்ணு பத்தும்னு மேடம் சொன்னாங்களேம்மா."

"பத்தாது. அஞ்சு எடுத்துட்டு வா, போ."

நகல் ஒன்றே தாராளம். "ஆமா, அஞ்சு வேணும்" என்றேன் நானும். அந்தப் பெண் முணுமுணுத்துக்கொண்டே திரும்பப் படி இறங்கிப் போனாள். நான் என் நாற்காலியை ஜன்னலோரமாகத் திருப்பிப் போட்டேன். மலர்க்கொடி அதில் உட்கார்ந்து அழுதாள்.